ஒரே மூச்சில் ஒரு பத்தி

1987-ஆம் வருஷம் நவம்பர் மாதம், குறுவட்டக் கபடிப் போட்டியில் ஐம்பத்தொன்றுக்கு ஒன்பது என்று தோற்ற எங்கள் பள்ளி அணி, அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்குத் திரும்புவதற்குப் பதிலாகத் திருச்செந்தூருக்குப் போய்விட்டது. பி.டி. சார் நல்லமுத்துவின் வாழ்க்கையைச் சொல்ல வேண்டுமானால் அங்கிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். அதற்கு முன்னால் தன் வாழ்க்கையில் சொல்லும்படியாக ஒன்றும் நடக்கவில்லை என்று அவரே ஒப்புக்கொள்வார்.

நான் அப்போது அந்தப் பள்ளியில் எழுத்தர். பரளச்சிக்கும் திருச்சுழிக்கும் நடுவில், சீமைக்கருவேலங்காட்டுக்குள் யாரோ ஒளித்து வைத்தது போல இருந்த அரசு உயர்நிலைப் பள்ளி அது. நல்லமுத்துவுக்கு அப்போது இருபத்தொன்பது வயது. உடற்கல்வி ஆசிரியர் என்றால் ஒரு நெஞ்சு, ஒரு தோள் என்று எதிர்பார்ப்போம். அவருக்கு விசில் மட்டும்தான் இருந்தது. காற்றடித்தால் கொடிக்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிற உடம்பு. ஆனால் அந்த விசிலை அவர் ஊதினால் பக்கத்து ஊரில் மேய்கிற மாடு தலை தூக்கும்.

அன்று மைதானத்தில் காலையிலிருந்து கத்திக் கத்தி அவருக்குத் தொண்டையும் போய், தெம்பும் போய்விட்டது. பஸ் நிலையத்தில் அணித் தலைவன் அழகுராஜாவிடம் பணத்தைக் கொடுத்து, "ஏலே, திருச்சுளி பஸ்ஸு வந்தா போர்டப் பாத்து எல்லாரையும் ஏத்து. நான் செத்த கண்ண மூடுறேன்" என்று சொல்லிவிட்டார்.

அழகுராஜா எட்டாம் வகுப்பு. பதினான்கு வயது. மேலுதட்டில் புகை படிந்தது மாதிரி மீசை. அவன் வாசிப்பதற்கு ஒரு முறை வைத்திருந்தான்: முதல் இரண்டு மூன்று எழுத்தைப் பார்ப்பான், மிச்சத்தை ஊகித்துக்கொள்வான். மதுரையிலிருந்து வந்து நின்ற பஸ்ஸில் 'திருச்' என்பது வரைக்கும் பார்த்தான். அதற்குமேல் பார்க்க வேண்டிய அவசியம் அவனுக்குத் தெரியவில்லை. ஏழு பயல்களும் ஏறினார்கள். சார் தூக்கக் கலக்கத்திலேயே ஏறி, சீட்டில் சாய்ந்து, தூக்கத்தைத் தொடர்ந்தார்.

ஊர் எல்லை தாண்டியதும் நடத்துநர் வந்தார்.

"எங்கப்பா?"

"திருச்சுளி. எட்டு டிக்கெட்டு."

"இது திருச்செந்தூர் வண்டியில்ல! ஏறும்போது போர்டப் பாக்கலையா? படிக்கத் தெரியாதா?"

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. அப்படித் திரும்பியவர்களில், அன்று வளையப்பந்தில் ஜெயித்த வேறொரு பள்ளியின் பெண்கள் நான்கு பேர் இருந்தார்கள். ரெட்டைச் சடை, கையில் கோப்பை. அவர்கள் சிரிப்பதற்கு வாயைத் தயார் செய்வதை அழகுராஜா பார்த்தான்.

"திருச்செந்தூருன்னுதாண்ணே சொன்னேன்" என்றான். "ஆட்டத்துல பல்லுல அடி. வாயி ஒழுங்கா வரல."

நடத்துநர் எட்டு டிக்கெட்டைக் கிழித்தார். சார் கொடுத்த காசு முழுக்க அதற்கே சரியாகிவிட்டது. எழுத்துத் தெரியாது என்று நான்கு பெண்களுக்கு முன்னால் ஒத்துக்கொள்வதைவிட, மூன்றரை மணி நேரம் தப்பான திசையில் போவது அந்த வயதில் அவனுக்கு எளிதாக இருந்தது. அணியில் வாசிக்கத் தெரிந்த பயல்கள் இரண்டு பேர்தான். அவர்கள் ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

நல்லமுத்து கண் விழித்தபோது உப்புக்காற்று அடித்தது.

"என்னலே வாடை இது?"

"கடலு சார்."

"திருச்சுளியில ஏதுலே கடலு?"

"வேண்டுதல் சார்" என்றான் அழகுராஜா. வேறு எதுவும் அவனுக்குத் தோன்றவில்லை.

கோபுரத்தைப் பார்த்தார், கடலைப் பார்த்தார், ஏழு பயல்களையும் பார்த்தார். அடிக்கக் கை ஓங்கியவர், ஏதோ சந்தேகம் வந்து, கரையோரம் கிடந்த ஒரு குச்சியை எடுத்தார். ஈர மணலில் பெரிதாக 'அலை' என்று எழுதினார்.

"இது என்ன?"

அழகுராஜா குனிந்தான். "அ... அம்மா."

அதற்குள் அலை வந்து அழித்துவிட்டது. அவர் மறுபடியும் எழுதினார். இன்னொருவன் வந்தான், உதட்டைக் கடித்துக்கொண்டு கடலைப் பார்த்தபடியே நின்றான், அடுத்த அலை வரும்வரைக்கும். வந்ததும் முகம் மலர்ந்து, "அளிஞ்சிருச்சு சார்" என்றான். மூன்றாவது பயல் எழுத்தைப் பார்க்கவேயில்லை, அலையை மட்டும் கைதட்டிக் கூப்பிட்டான். பத்து நிமிஷத்தில் நல்லமுத்துவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஏழில் ஐந்து பேருக்கு வாசிக்கத் தெரியாது.

உப்பு ஏற்றிக்கொண்டு மதுரைக்குப் போன ஒரு லாரிக்காரரிடம் கெஞ்சி, மூட்டைகளின் மேல் உட்கார்ந்து, மறுநாள் காலை எட்டு பேரும் ஊர் வந்து சேர்ந்தார்கள். தலை, புருவம், காது மடல் எல்லாம் வெள்ளை. கருவாட்டுக் கூடையைக் கவிழ்த்தது மாதிரி பள்ளி வாசலில் இறங்கினார்கள். பெற்றோர்கள் கூடியிருந்தார்கள். அழகுராஜாவின் அம்மா வெள்ளைத்தாய் மகனைத் தொட்டுப் பார்த்துவிட்டு சாரிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"சயிச்சா சாமி கும்பிடப் போவாக. தோத்ததுக்கு எதுக்கு சார் போனீக?"

நல்லமுத்து பையனைக் காட்டிக்கொடுக்கவில்லை. "என் வேண்டுதல்மா" என்றார்.

தலைமை ஆசிரியர் தனுஷ்கோடியின் அறைக்குள் போன பிறகுதான் நல்லமுத்து உண்மையைச் சொன்னார். தனுஷ்கோடி சார் விதிப்புத்தகத்தைத் தலைமாட்டில் வைத்துத் தூங்குகிறவர்.

"மெதுவாப் பேசுங்க" என்று முதலில் கதவைச் சாத்தினார். "எட்டாம் வகுப்பு வரைக்கும் பாஸ் போட்டு அனுப்பியிருக்கோம். வாசிக்கத் தெரியாதுன்னு வெளிய போச்சுன்னா யாருக்குக் கேவலம்? நீங்கதான் கண்டுபிடிச்சிருக்கீங்க. நீங்களே பாத்துக்குங்க. கடைசி பீரியடு, கதவைச் சாத்திக்கிட்டு."

"சார், நான் பி.டி."

"அதனாலதான் சொல்றேன். அந்த பீரியடுல நீங்க என்ன செஞ்சாலும் யாரும் கேக்க மாட்டாங்க."

இப்படித்தான் நல்லமுத்துவுக்கு வாசிப்பு வகுப்பு வந்து சேர்ந்தது. எட்டு, ஒன்பது வகுப்புகளில் தேடிப் பொறுக்கியதில் ஒன்பது பேர் தேறினார்கள். இடம், விளையாட்டுச் சாமான் அறை. பெஞ்சு கிடையாது. காற்றுப் போன கைப்பந்துகளைத் தரையில் போட்டு ஆளுக்கொன்றின் மேல் உட்கார்ந்தார்கள். ஒன்பது கோழி அடை காக்கிற மாதிரி இருக்கும்.

அந்த ஒன்பதில் மூன்று பேரைத் தெரிந்துகொண்டால் போதும். அழகுராஜாவைச் சொல்லிவிட்டேன். இரண்டாவது முத்துத்தாய். பதினைந்து வயது, ஒன்பதாம் வகுப்பு. தமிழ்ப் புத்தகத்தை அட்டையிலிருந்து அட்டை வரைக்கும் கடகடவென்று ஒப்பிப்பாள். இந்தப் பெண்ணை எதற்கு இங்கே அனுப்பினார்கள் என்று சார் குழம்பினார். பிறகுதான் கவனித்தார், அவள் பிடித்திருந்தது அறிவியல் புத்தகம். அதுவும் தலைகீழாக. யாராவது ஒரு தடவை வாசித்தால் அவளுக்குக் காதில் ஏறிவிடும். கண்ணுக்கு வேலையே வைத்ததில்லை.

மூன்றாவது சங்கையா. அவன் வாயையே திறப்பதில்லை. ஊமை என்று புது ஆசிரியர்கள் நினைப்பார்கள். விஷயம் அதுவல்ல. அவனுக்குக் குரல் உடைந்துகொண்டிருந்தது. 'உள்ளேன் ஐயா' என்று சொன்னால் 'உள்ளேன்' தவளை மாதிரியும் 'ஐயா' நாயனம் மாதிரியும் வரும். ஒரு தடவை வகுப்பே சிரித்ததிலிருந்து அவன் வருகைப் பதிவுக்குக் கை மட்டும்தான் தூக்குவான்.

நல்லமுத்து முதலில் தமிழாசிரியை தங்கம்மாளிடம் போய் யோசனை கேட்டார். தங்கம்மாள் டீச்சருக்கு ஐம்பத்து நான்கு வயது, மூட்டுவலி, வகுப்புக்கு அறுபது பிள்ளைகள்.

"அதுகளுக்கு எழுத்து தெரியும் சார். சேக்கத்தான் வராது. கடைசி எழுத்தைப் பிடிக்கிறதுக்குள்ள மொத எழுத்து கையை விட்டுப் போயிரும்" என்று சொல்லி, ஒன்றாம் வகுப்புப் புத்தகம் ஒன்றைக் கொடுத்தார்.

மறுநாள் அதைப் பிரித்து, 'ஆடு இலை தின்றது' என்ற பக்கத்தை சார் அழகுராஜாவிடம் நீட்டினார். அவன் படத்தைப் பார்த்தான். புத்தகத்தை மூடித் திருப்பிக் கொடுத்தான்.

"சார், எனக்கு மீசை வந்துருச்சு."

"அதுக்கு?"

"மீசை வச்சுக்கிட்டு ஆடு எலை தின்னதைப் போயி வாசிக்கச் சொல்றீகளே. வெளிய தெரிஞ்சா நான் ஊருக்குள்ள நடக்க முடியுமா?"

மற்ற எட்டுப் பேரும் தலையாட்டினார்கள். மீசை இல்லாத முத்துத்தாயும் ஆட்டினாள். நல்லமுத்துவுக்கு அது நியாயமாகத்தான் பட்டது. வேறு புத்தகம் அவரிடம் இல்லை. ஒன்பது பேரும் பந்தின் மேல் உட்கார்ந்து அவரைப் பார்த்தார்கள், அவர் அவர்களைப் பார்த்தார். இப்படியே ஒரு வாரம் ஓடியது.

அடுத்த திங்கட்கிழமை, பசி தாங்காமல் ஒரு பொட்டலம் பொரிகடலையைப் பிரித்துத் தின்றுகொண்டிருந்தார். பிள்ளைகள் உற்றுப் பார்த்தார்கள். கடலைக்குத்தான் பார்க்கிறார்கள் என்று நினைத்து நீட்டினார். அழகுராஜா கடலையை எடுக்கவில்லை.

"சார், அந்தக் கை யாருது?"

பொட்டலத் தாளில் ஒரு படம் இருந்தது. பாதி திறந்த சிவப்பு சூட்கேஸ், அதற்குள்ளிருந்து மோதிரம் போட்ட ஒரு கை வெளியே தொங்கியது. ஏதோ பழைய வார இதழில் வந்த துப்பறியும் தொடர்கதை.

"எனக்கென்ன தெரியும்? வாசிச்சுப் பாரு."

ஒன்பது வரி. முப்பத்தைந்து நிமிஷம் ஆனது. 'இ' என்று பார்த்ததும் 'இட்லி' என்று அழகுராஜா ஊகித்தான். "செத்தவன் கிட்ட எதுக்குலே இட்லி?" என்று மற்றவர்கள் அதட்டவும் திரும்பிப் போய் எழுத்தெழுத்தாகக் கூட்டினான். இன்ஸ்பெக்டர். பருத்தி மில் மேனேஜர் பொன்ரத்தினத்தைக் காணவில்லை. இன்ஸ்பெக்டர் சூட்கேஸை முழுதாகத் திறந்தார். உள்ளே...

அதோடு தாள் கிழிந்திருந்தது.

ஒன்பது பேரும் ஒரே குரலில் கத்தியது ஆபீஸில் இருந்த எனக்குக் கேட்டது. பாம்பு வந்துவிட்டது என்று நினைத்து நான் கம்பை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

அன்று சாயங்காலம் ஒன்பது பேரும் வீரபத்திரன் கடையில் நின்றார்கள். வீரபத்திரன் அண்ணாச்சி, பழைய வார இதழ்களை மொத்தமாக எடை போட்டு வாங்கி வைத்திருந்தவர். அத்தனை பிள்ளைகளை ஒரே நேரத்தில் பார்த்ததும் உற்சாகமாகத் தராசைத் துடைத்தார்.

"அண்ணாச்சி, கடலை வேணாம். தாளு மட்டும் போதும்" என்றாள் முத்துத்தாய்.

"தாளைக் குடுத்துட்டு நான் கடலையை எதுல குடுக்க? என் வேட்டியிலயா?"

கடைசியில் ஒப்பந்தம் ஆனது. யார் என்ன சாமான் வாங்க வந்தாலும், எந்தத் தாளில் மடிப்பது என்பதைப் பிள்ளைகள் சொல்லலாம், கதை வந்த தாளைத் தாங்களே வைத்துக்கொள்ளலாம். அதற்குப் பதிலாக அவர்கள் பொட்டலம் சுற்றித் தர வேண்டும். அந்த வேலை முத்துத்தாய்க்கு வந்தது. வந்த முதல் நாளிலேயே அவளுக்கு விழி பிதுங்கியது. தாளை யாரும் அவளுக்கு முன்னால் வாசித்துக் காட்டியிருக்கவில்லை. காதுக்கு வேலை இல்லை. கட்டுக் கட்டாகக் கிடந்த தாள்களில் பொன்ரத்தினம் என்ற பெயர் எதில் இருக்கிறது என்று கண்ணால்தான் தேட வேண்டும். ஆட்கள் வேறு சீரகத்துக்கும் மல்லிக்கும் காத்துக்கொண்டு நின்றார்கள்.

"ஏ புள்ள, காப்படி மல்லிக்கு நான் இங்கனயே குடியிருக்கணுமா?" என்று கிழவர்கள் சத்தம் போடுவார்கள்.

"இருங்க தாத்தா, கொலைகாரன் இருக்கானான்னு பாத்துட்டுத் தாரேன்" என்பாள்.

முதல் வாரம் ஒரு தாளுக்கு ஐந்து நிமிஷம் ஆனது. மாசக் கடைசியில், கையை நீட்டி எடுத்து, ஒரு பார்வை பார்த்து, 'இது சமையல் குறிப்பு, இது ஜோசியம், இது நம்மாளு' என்று சீட்டுப் பிரிக்கிற மாதிரி போட ஆரம்பித்தாள். இப்படித் தேடியதில் கதையின் மூன்றாவது பாகம் முதலில் கிடைத்தது, பிறகு ஏழாவது, பிறகு இரண்டாவது. கிடைத்த ஒவ்வொரு பக்கத்தையும் பல தடவை வாசித்தால்தான் எது முன்னே, எது பின்னே என்று தெரியும்.

பல தடவை வாசிப்பது என்பது நல்லமுத்துவுக்குத் தெரிந்த விஷயம். நீளம் தாண்டக் கற்றுக்கொடுக்கும்போது ஒரு தடவை தாண்டிவிட்டு உட்கார் என்று யாராவது சொல்வார்களா? அதே மணலில் நாற்பது தடவை. ஆனால் ஒரே பக்கத்தை நாற்பது தடவை வாசிக்கச் சொன்னால் பிள்ளைகள் பந்திலிருந்து நழுவி ஓடினார்கள். அதனால் அவர் கபடியைக் கொண்டு வந்தார். நடுவில் சுண்ணாம்புக் கோடு, இரண்டு அணி. 'கபடி கபடி' என்று பாடுவதற்குப் பதில் ஒரு பத்தியை ஒரே மூச்சில் வாசித்துக்கொண்டு எதிரணிக்குள் போக வேண்டும். ஒரு சொல் தப்பினாலும் எதிரணி அமுக்கிவிடலாம். எது தப்பு என்று சொல்லத் தெரியாமல் அமுக்கினால் அமுக்கியவர்கள் அவுட்.

காற்புள்ளிக்குச் சின்ன விசில், முற்றுப்புள்ளிக்குப் பெரிய விசில் என்று ஒரு விதியும் வைத்தார். முதல் நாள் அவர் ஊதிய முதல் பெரிய விசிலைக் கேட்டு, டிரில் பீரியடு என்று நினைத்து, ஆறாம் வகுப்பு இரண்டு பிரிவும் மைதானத்தில் வந்து வரிசையாக நின்றுவிட்டன. அடுத்த முற்றுப்புள்ளிக்குக் கையை உயர்த்தினார்கள். அதற்கடுத்ததற்குக் குனிந்து கால் விரலைத் தொட்டார்கள். ஒரு பத்தி முடிவதற்குள் ஆறாம் வகுப்பு வேர்த்து விறுவிறுத்துப் போனது. அதன் பிறகு விசிலை விட்டுவிட்டு, பிள்ளைகளே நாக்கால் 'டொக்' என்று ஒலி எழுப்பிக்கொண்டார்கள்.

ஒரு மாதத்தில் வேகம் வந்துவிட்டது. அது எப்படிப்பட்ட வேகம் என்றால், தங்கம்மாள் டீச்சர் ஒரு நாள் வந்து கேட்டுவிட்டு, "ஏலச்சீட்டு ஏலம் மாதிரில்ல போகுது! ஏலே அழகு, இப்ப என்ன வாசிச்ச?" என்றார்.

"தெரியல டீச்சர். ஆனா மூச்சு விடல."

"சூட்கேஸைத் தூக்கிட்டுப் போனது யாரு?"

"சூட்கேஸா? அது எங்க வந்துச்சு?"

நல்லமுத்துவின் முகம் தொங்கிப் போனது. அன்றிரவு முழுக்க யோசித்ததாகப் பிறகு என்னிடம் சொன்னார். மறுநாள் புது விதி போட்டார். வாசித்து முடித்துத் தன் கோட்டுக்குத் திரும்பி வந்ததும், அந்தப் பத்தியில் என்ன நடந்தது என்று சொந்தப் பேச்சில் சொல்ல வேண்டும். சொல்ல முடியாவிட்டால், போனதும் செல்லாது, வந்ததும் செல்லாது. அதற்கப்புறம் வேகம் பாதியானது. சண்டை இரண்டு மடங்கானது. டாக்டர்தான் கொலைகாரன் என்று ஒரு கட்சி, மேனேஜரின் மச்சினன்தான் என்று ஒரு கட்சி. ஆளாளுக்குப் பக்கத்தை எடுத்து, "இந்த வரியப் பாருலே" என்று காட்டி அடித்துக்கொண்டார்கள்.

சத்தம் தாங்காமல் தலைமை ஆசிரியர் கண்டிக்க வந்தார். கதவருகில் நின்று ஐந்து நிமிஷம் கேட்டார். போகும்போது நல்லமுத்துவின் காதருகில் குனிந்து, "மச்சினன் மேல எனக்கும் ஒரு சந்தேகம் இருக்கு. தாளு ஏதும் கிடைச்சா ஆபீஸுக்கு அனுப்பி வைங்க" என்றார். அடுத்த வாரம் முதல் அவரும் ஒரு பந்தில் உட்கார்ந்தார். நானும்தான்.

சங்கையா மட்டும் இதிலெல்லாம் சேராமல் இருந்தான். ஆட்டத்தில் ஆட்களை அமுக்குவான், தப்பு எங்கே என்று விரலால் தொட்டுக் காட்டுவான், வாயைத் திறக்க மாட்டான். ஆளுக்கு முன்னால் வாசிக்கக் கூச்சமென்றால் ஆளில்லாத இடத்தில் வாசி என்று சார் சொல்லியிருந்தார். அவன் வீட்டில் பதினோரு வெள்ளாடு. காட்டுக்குள் ஓட்டிப் போய், கிடைத்த பக்கங்களையெல்லாம் அவற்றுக்கு வாசித்துக் காட்டுவான். தவளையானாலும் நாயனமானாலும் ஆடுகள் சிரிக்கவில்லை.

கடைசிப் பக்கத்தைக் கண்டுபிடித்ததும் அவன்தான். முத்துத்தாயின் கண்ணுக்குத் தப்பி, அவன் அம்மா வாங்கி வந்த மிளகாய் வத்தல் பொட்டலத்தில் இருந்தது. வெள்ளிக்கிழமை அதை எல்லோரிடமும் காட்டிவிட்டு, மார்பில் கையை வைத்து, திங்கட்கிழமை நானே வாசிக்கிறேன் என்று சைகை செய்தான். சாருக்குக் கண் கலங்கிவிட்டது. யாரும் முந்தி வாசித்துவிடக் கூடாதென்று பக்கத்தை அவனிடமே கொடுத்து அனுப்பினார். சனி, ஞாயிறு இரண்டு நாளும் தலைமை ஆசிரியருக்கு இருப்புக் கொள்ளவில்லை என்று அவர் வீட்டம்மா பிறகு சொன்னார்கள்.

திங்கட்கிழமை கடைசி பீரியடு. ஒன்பது பிள்ளைகள், தலைமை ஆசிரியர், தங்கம்மாள் டீச்சர், நான், வாட்ச்மேன். சங்கையா எழுந்து நின்று சட்டைப்பையில் கைவிட்டான். இரண்டு விரல் அகலத்தில் ஒரு துண்டுத் தாளை எடுத்து நீட்டினான். சார் வாங்கிப் பார்த்தார். அதில் 'முற்றும்' என்று இருந்தது.

"மிச்சம் எங்கலே?"

சங்கையா முதல்முறையாக வாயைத் திறந்தான். "ஆடு," என்றது தவளை. "தின்னுருச்சு," என்றது நாயனம்.

யாரும் சிரிக்கவில்லை. சிரிக்கிற நிலைமையில் யாரும் இல்லை. தலைமை ஆசிரியர் எழுந்துவிட்டார்.

"எத்தனை தடவை வாசிச்ச?"

"பதினோரு தடவ சார். ஆட்டுக்கு ஒண்ணுன்னு."

"அப்ப சொல்லுப்பா. நல்லா இருப்ப. சொல்லிரு."

அவன் சொன்னான். வேறு வழியில்லை, ஊரே அவன் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. மேனேஜர் பொன்ரத்தினத்தைக் கொன்றது மச்சினனும் இல்லை, டாக்டரும் இல்லை. சமையல்காரர். பதினெட்டு வருஷமாக அந்த வீட்டில் ஆக்கிப்போட்டிருக்கிறார், ஒரு நாள்கூட மேனேஜர் 'நல்லா இருக்கு' என்று சொன்னதில்லை. அந்தக் கையிலிருந்த மோதிரத்தில் பெருங்காய வாசனை அடித்தது என்று மூன்றாவது பாகத்தில் ஒரு வரி வந்ததே, அதை நாங்கள் யாரும் கவனிக்கவில்லை, இன்ஸ்பெக்டர் கவனித்திருந்தார். சங்கையா சொல்லச் சொல்ல, இன்ஸ்பெக்டருக்குத் தடித்த குரலும் மேனேஜர் மனைவிக்குக் கீச்சுக்குரலும் தன்னால் வந்தன. பயல் நடிக்கிறான் என்றே தங்கம்மாள் டீச்சர் நினைத்தார். சமையல்காரர் கையில் விலங்கு மாட்டியதும் டீச்சர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பாவம், ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்" என்றார்.

"அப்ப டாக்டர் மேல தப்பே இல்லையா?" என்று வாசல் பக்கமிருந்து ஒரு குரல் கேட்டது.

திரும்பினோம். தடித்த கண்ணாடி போட்ட ஒருவர் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார். கல்வி அதிகாரி. முன்னறிவிப்பில்லாத வருகை. வந்து கால் மணி நேரம் ஆகியிருந்தது. கதை கேட்க மறுபடி உட்கார்ந்திருந்த தலைமை ஆசிரியர் எழுந்த வேகத்தில் பந்து நகர்ந்துவிட, திரும்ப உட்காரப் போய்த் தரையில் விழுந்தார்.

அதிகாரி தமிழ்ப் புத்தகத்தை வாங்கி, இன்னும் நடத்தாத பாடம் ஒன்றைப் பிரித்து, அழகுராஜாவிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னார். அழகுராஜா எழுந்தான். தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினான். தொடையைத் தட்டினான். சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டி அதிகாரியை நோக்கி வளைந்து வளைந்து வாசித்துக்கொண்டே போனான். ஒவ்வொரு முற்றுப்புள்ளிக்கும் பின்னாலிருந்து எட்டு 'டொக்'. அதிகாரி சுவர் வரைக்கும் பின்வாங்கினார். இரண்டு இடத்தில் அவனே தப்பி, அவனே திருத்திக்கொண்டான். கோட்டுக்குத் திரும்பி வந்து, பத்தியில் என்ன நடந்தது என்று சொல்லிவிட்டு மூச்சு விட்டான்.

அதிகாரி பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய்விட்டார். பத்தாம் நாள் ஒரு குறிப்பாணை வந்தது. 'இப்பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர் தமிழ் நடத்துவது நேரில் காணப்பட்டது. எனில், தமிழாசிரியை விளையாட்டு நடத்துகிறாரா என்பதற்கு விளக்கம் தேவை.' பதிலை நான்தான் தட்டச்சு செய்தேன். தனுஷ்கோடி சார் மூன்று நாள் விதிப்புத்தகத்தைப் புரட்டிவிட்டு, 'ஆம்' என்று ஒரே சொல்லில் பதில் எழுதச் சொன்னார். பொய் ஆகிவிடக்கூடாதே என்று, தங்கம்மாள் டீச்சரை வாரம் இரண்டு பீரியடு மைதானத்துக்கு அனுப்பினார். டீச்சர் நாற்காலி போட்டு உட்கார்ந்து பெண்களுக்கு வளையப்பந்து நடத்தினார். மூட்டுவலி இருந்தும், ஓய்வு பெறும் வரைக்கும் அதை விட்டுக்கொடுக்கவேயில்லை. அழுகுணி ஆட்டம் ஆடுகிறவர்களைக் கண்டுபிடிப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

ஒன்பது பேரில் ஆறு பேர் பத்தாம் வகுப்புத் தேறினார்கள். அழகுராஜா கணக்கில் தோற்றான். அதைப் பற்றி அவன் கவலைப்படவில்லை, கணக்குக்கு எந்த சாரும் கபடி வைக்கவில்லை என்றான். அருப்புக்கோட்டையில் விசைத்தறிக்குப் போனான். முத்துத்தாய் வீரபத்திரன் கடையிலேயே பொட்டலம் மடித்துக்கொண்டிருந்து, பின்பு கல்யாணமாகி வெளியூர் போனாள். சங்கையா பருத்திக் கமிஷன் கடை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தான். 1994-இல் அவனை நான் கடைவீதியில் பார்த்தேன். குரல் ஒரே குரலாக உறைந்து, நல்ல கணீரென்று இருந்தது. டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, சுற்றும்முற்றும் பார்த்து, "சார், ஒண்ணு சொன்னா வெளிய சொல்ல மாட்டீகளே?" என்றான்.

"சொல்லு."

"அந்தத் தாள நான் ஒரு தடவகூட முளுசா வாசிக்கல. மொத நாலு வரி ஓடும்போதே வெள்ளாடு இளுத்துருச்சு. சமையல்காரர் கொன்ன கதை நானா சொன்னது. அந்தப் பெருங்காயத்த வச்சு யோசிச்சேன், சரியா வந்துச்சு."

வெளியே சொல்ல மாட்டேன் என்று சொன்ன நான், அன்று சாயங்காலமே நல்லமுத்துவிடம் சொன்னேன். அவர் விழுந்து விழுந்து சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர், "பய மூணாம் பாகத்த எவ்வளவு நல்லா வாசிச்சிருக்கான் பாத்தீகளா?" என்றார். பிறகு கவலையாகக் கேட்டார்: "அப்ப நெசம்மா யாரு கொன்னா?"

1996-இல் அவருக்கு வீரசோழன் பக்கம் ஒரு பள்ளிக்கு மாற்றல் வந்தது. அங்கேயும் வாசிக்கத் தடுமாறுகிற பிள்ளைகள் பதினோரு பேரைத் தேடிப் பிடித்தார். கொலைக் கதையைக் கட்டுக் கட்டாக எடுத்துப் போனார். அந்தப் பிள்ளைகள் கொலையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவர்களுக்கு வேண்டியிருந்தது வார ராசிபலன். ஆளுக்கொரு ராசி, அக்கம்பக்கத்தாரின் ராசி, பிடிக்காத வாத்தியார்களின் ராசி என்று போட்டி போட்டு வாசித்தார்கள். ஜாதகத்தில் துளியும் நம்பிக்கையில்லாத நல்லமுத்து வெள்ளிக்கிழமைதோறும் கையைக் கட்டிக்கொண்டு பன்னிரண்டு ராசியையும் கேட்டார்.

நான் அவரைப் பார்க்கப் போனது அப்படி ஒரு வெள்ளிக்கிழமை. பள்ளி விட்டு வெளியே வந்தார். சைக்கிளில் காற்று இருந்தது, செயின் இருந்தது. ஆனால் ஏறாமல் தள்ளிக்கொண்டே வந்தார்.

"ஏன், என்ன ஆச்சு?"

"எட்டாம் வகுப்புல நாகஜோதின்னு ஒரு புள்ள. ஒரு எழுத்து பிசகாம வாசிச்சுது. என் ராசிக்கு இந்த வாரம் வாகனத்துல கவனம் வேணுமாம்" என்றார். "வாங்க, மூணு கிலோமீட்டர்தான். பேசிக்கிட்டே நடப்போம்."